22-வதாக வந்தவர் எப்படி முன்னோடி ஆனார்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பகுதியில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசினோம். அதில் தனி ஓட்டுநராக ஓடிய முதல் பெண்ணான பெரில் ஸ்வெயினின் பெயரும் வந்தது. அவரைப் பற்றி ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "1962-இல் 50 சிசி பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது 22-வது இடம். சராசரி வேகம் மணிக்கு 78 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. 50 சிசி என்றால் நம் ஊர் டிவிஎஸ் 50 எஞ்சின் அளவுதானே? இதற்கு எதற்கு முன்னோடி என்ற பட்டம்? மறுபடி அவர் ஏன் அங்கே ஓடவில்லை?"

நியாயமான கேள்விகள். முதலில் வேகத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

50 சிசி வகுப்புக்கு உலக சாம்பியன்ஷிப் தகுதி கிடைத்ததே 1962-இல்தான். டிடி-யிலும் அந்த வகுப்பு அறிமுகமானது அந்த ஆண்டுதான். வென்றவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் டெக்னர், சுசுகி வண்டியில். அதற்கு முந்தைய ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்துக்காக ஓட்டிக்கொண்டிருந்தவர், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பி வந்து சுசுகியில் சேர்ந்தார். எம்இசட்டின் டூ-ஸ்ட்ரோக் நுணுக்கமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது. அந்த அறிவில் பிறந்த வண்டி, எட்டு கியர் கொண்ட தொழிற்சாலைப் பந்தய இயந்திரம். கடைகளில் விலைக்குக் கிடைக்காதது. அவருடைய சராசரி வேகம் மணிக்கு சுமார் 121 கிலோமீட்டர். டிடி-யில் சுசுகி பெற்ற முதல் வெற்றியும் அதுதான்.

பெரில் ஓட்டியது இட்டோம் (Itom) வண்டி. இத்தாலியின் டூரின் நகரத்து நிறுவனம், மொபெட் செய்து விற்றவர்கள். வசதி குறைந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் பந்தயத்துக்குள் நுழைய அந்தக் காலத்தில் இருந்த மலிவான வாசல் இந்த இட்டோம்தான். பிற்காலத்தில் 125 சிசி உலக சாம்பியனான பில் ஐவிகூட இட்டோமில்தான் தொடங்கினார். பெரிலுக்கு அப்போது 26 வயது. லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியைச் சேர்ந்தவர். கணவர் அங்கே மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தினார். ஒரு பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலை அணிகள், இன்னொரு பக்கம் வீட்டுப் பட்டறையிலிருந்து வந்த ஒரு பெண். இரண்டு வேகங்களையும் ஒரே அளவுகோலில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி பாதையைப் பாருங்கள். டிடி நடப்பது பந்தயத்துக்காகக் கட்டிய மைதானத்தில் அல்ல. ஊர்ச் சாலைகளைப் பந்தய நேரத்தில் அடைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 50 சிசி வகுப்புக்கு இரண்டு சுற்று. டக்ளஸ் நகரத்தில் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் பிரே ஹில் வந்துவிடும். வழி நெடுகக் கல்சுவரும் விளக்குக் கம்பமும். பலாஃப் (Ballaugh) என்ற ஊர்ப் பாலத்தில் வண்டி தரையை விட்டுக் கிளம்பும். கடலோரத்து ராம்சி ஊரைத் தாண்டியதும் மலையேற்றம், 400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து டக்ளஸுக்கு ஒரே இறக்கம்.

இந்தப் பாதையில் இரண்டாவது சுற்றில் பெரிலின் வண்டியில் டாப் கியர் போய்விட்டது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலையேறும்போது 50 சிசி எஞ்சினுக்கு டாப் கியரே தேவைப்படாது, அங்கே நஷ்டம் பெரிதல்ல. அடி விழுவது சமதளத்திலும் இறக்கத்திலும்தான். இறக்கத்தில் வண்டி தானாக வேகம் எடுக்கும். தாழ்ந்த கியரில் இருக்கும் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். வேகத்தைக் குறைக்க ஆக்சிலேட்டரை மூடினாலோ வேறு ஆபத்து: பழைய டூ-ஸ்ட்ரோக்கில் மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நிற்கும். அந்த நேரத்தில் எஞ்சின் சீஸ் ஆனால், அதாவது உள்ளே இறுகி நின்றுவிட்டால், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் டூ-ஸ்ட்ரோக் பந்தய ஓட்டுநர்கள் கிளட்ச் லீவரிலிருந்து விரலை எடுக்கவே மாட்டார்கள். இப்படிப்பட்ட வண்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து பந்தயத்தை முடித்தார் பெரில். டெக்னருக்கு ஒரு மணி நேரம் பிடித்த ஓட்டம், இவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். பந்தயத்தைப் பாதியில் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த 22-வது இடத்தை நான் மதிப்பது இதற்காகத்தான்.

அடுத்து, ஏன் மறுபடி ஓடவில்லை என்ற கேள்வி. அவர் ஓட விரும்பினார், ஓட விடவில்லை. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் அவருடைய சர்வதேச லைசென்ஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தப் பந்தயம் பெண்களுக்கு ஆபத்தானது என்பது சொல்லப்பட்ட காரணம். கூடவே ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச உடல் எடை என்ற விதியும் வந்தது. பெரில் அந்த எடைக்குக் கீழே இருந்தார்.

எடை விதியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய வண்டியில் ஓட்டுநரின் எடை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. 50 சிசி-யில் வண்டியின் எடையும் ஆளின் எடையும் ஏறக்குறைய ஒன்று. பத்துக் கிலோ குறைந்த ஆளுக்கு மலையேற்றத்தில் உண்மையான லாபம் உண்டு. ஆனால் எடைதான் பிரச்சினை என்றால் அதற்கு எளிய வழி, குறைகிற எடைக்கு ஈயத்தைக் கட்டி ஓடச் சொல்வது. ஆளையே வெளியேற்ற வேண்டியதில்லை. லைசென்ஸையும் சேர்த்துப் பிடுங்கியதைப் பார்க்கும்போது, எடை விதி அந்தத் தடைக்கு ஒரு கூடுதல் பூட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆபத்து என்ற காரணமும் நிற்கவில்லை. 1954-லேயே ‘இங்கே ஷ்டோல்’ (Inge Stoll) என்ற ஜெர்மானியப் பெண் டிடி-யில் சைட்கார் (பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் இணைத்த மோட்டார் சைக்கிள்) பந்தயத்தில் ஓடி, ஓட்டுநர் ஜாக் ட்ரியோனுடன் ஐந்தாம் இடம் பெற்றார். சைட்காரில் உடன் செல்பவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு வளைவிலும் உடலை வண்டிக்கு வெளியே நீட்டி, தரையை உரசும் உயரத்தில் தொங்க வேண்டும். பிடிக்க ஒரு கைப்பிடி மட்டும். கொஞ்சம் தாமதித்தால் வண்டியே கவிழும். 1958-இல் இருவரும் செக்கோஸ்லோவாகியாவின் புர்னோவில் நடந்த பந்தய விபத்தில் இறந்தார்கள். அந்த வேலையில் ஒரு பெண் தொங்கலாம், ஆனால் 50 சிசி வண்டியின் ஹேண்டில்பாரைத் தானே பிடிக்கக் கூடாது! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை கோபம் தருகிறது.

பெரில் தன் லைசென்ஸுக்காகப் போராடிப் பார்த்தார், பலிக்கவில்லை. டிடி-யில் அடுத்த பெண் தனி ஓட்டுநர் ஹிலரி மஸ்ஸன். அவர் வந்தது 1978-இல், பதினாறு ஆண்டுகள் கழித்து.

சிறிய எஞ்சின் வகுப்புகளில் பெண்களின் வரலாறு அதற்குப் பிறகு நன்றாகவே வளர்ந்தது. பின்லாந்தின் தாரு ரின்னே 1989-இல் ஹாக்கன்ஹைமில் 125 சிசி கிராண்ட் பிரியில் ஏழாவதாக வந்தார். 1995-இல் ஜப்பானின் தொமோகோ இகாதா புர்னோவில் அதே வகுப்பில் அதே இடத்தைப் பெற்றார். ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ 2018-இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அவரைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே செய்யலாம்.

கேள்வி கேட்ட நேயர் இதைக் கல்லூரி மலருக்கு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பெரிலை "டிடி-யில் ஓடிய முதல் பெண்" என்று எழுதாதீர்கள். "தனி ஓட்டுநராக ஓடிய முதல் பெண்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஷ்டோலின் பெயர் விடுபட்டுப்போகும்.