வாக்கர் வெறும் நடக்கிறவர் இல்லை! மூக்கைப் பொத்திக்கொண்டு கேளுங்கள்

வணக்கம் மக்களே! ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருத்தர் வீறுநடை போடுவாரே, 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது. ஆனால் வாக்கர் என்ற குடும்பப் பெயருக்குப் பின்னால் இருக்கிற நடை தெருவில் நடந்தது இல்லை, தொட்டிக்குள். தொட்டியில் என்ன? பழைய மூத்திரம். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வாருங்கள்.

சின்ன வரலாறு: இங்கிலாந்தில் 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு பிரபுக்கள் ஆரம்பித்த குடும்பப் பெயர்ப் பழக்கம் சாதாரண ஜனங்களிடம் நிலைக்க 14-ஆம் நூற்றாண்டு ஆனது, பலருக்குச் செய்த தொழிலே பெயர். போதும், தொட்டிக்குப் போவோம்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும், ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்காது. நாள்பட்ட மூத்திரத்தில் உண்டாகும் அம்மோனியா அந்தப் பிசுக்கைக் கழற்றும். அதில் துணியைப் போட்டு ஒருத்தர் வெறுங்காலோடு இறங்கி மிதிப்பார், மிதி மிதி என்று மிதிப்பார், இழைகள் சிக்கிச் சுருங்கித் துணி கெட்டியாகும் வரை. மிச்சப் பிசுக்கை உறிஞ்ச ஒரு களிமண். அதன் பெயர் ஃபுல்லர்ஸ் எர்த், நம்ம ஊர்க் கடையில் முல்தானி மெட்டி. ஆமாம், முகத்தில் பூசுகிறீர்களே, அதே சரக்குதான்!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த ஒரே வேலைக்கு வட்டாரத்துக்கு ஒரு பெயர். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டெவன், சோமர்செட் பக்கம் டக்கர் (நம்ம 'டக்கர்' இல்லைங்க!). எக்ஸெட்டர் நகரில் 1471-இல் கட்டிய அவர்களுடைய சங்கக் கட்டடம் டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. பெயரைக் கேட்டே பூர்வீகம் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஜானி வாக்கரும் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர்தானே.

இதில் ஒரு வேடிக்கை. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தண்ணீரில் ஓடும் ஆலை வந்து, மரச்சுத்தியல்கள் அந்த மிதியைச் செய்ய ஆரம்பித்துவிட்டன. பெயர்கள் நிலைத்தது அதற்கும் பிறகு. அப்படியென்றால் காலே நனையாத வாக்கர்களும் நிறைய இருந்திருப்பார்கள்! ஊருக்கு ஊர் தனித்தனியாக வந்த பெயர் என்பதால் எல்லா வாக்கர்களும் சொந்தக்காரர்களும் இல்லை.

அப்புறம் வாக்கர் என்ற பெயர் குடியேறிகளோடு கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பரவி, ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் டபிள்யூ வரை வந்துவிட்டது. அதுவும் வாக்கர்தான். உங்களுக்குத் தெரிந்த ஃபுல்லர், டக்கர் யாராவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் மேக்ஸ் வாக்கர் என்று கிரிக்கெட் ரசிகர்கள் ஓடி வர வேண்டாம், அவரை நானே எழுதி வைத்துவிட்டேன்.