கரடுமுரடான வண்டி என்றால் கெடாத வண்டியா?

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை ரொம்பவே குடைந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நண்பர் கேட்கிறார்: "ஒரு சக்கரம் சும்மா சுழன்றாலும் மறுசக்கரத்துக்கு விசை போகவைக்கிற டிஃபரென்ஷியல் லாக் பற்றிப் பேசியபோது, இந்தக் காடுமேடு ஏறுகிற வண்டிகள் எங்கு வேண்டுமானாலும் போகும் என்றீர்கள். ஆனால் வாங்கியவர்களைக் கேட்டு எடுக்கிற தரப்பட்டியல்களில் ஜீப் ராங்லர் மாதிரி வண்டிகள் பல வருடங்களில் கீழேதான் இருக்கின்றன. சாதாரணச் சின்னக் கார் மேலே இருக்கிறது. பாறையில் ஏறுகிற வண்டியை எப்படி நம்ப முடியாமல் போகும்?"

நல்ல கேள்வி. இரண்டுமே உண்மை, அதுதான் வேடிக்கை.

முதலில் அந்தப் பட்டியல்களைப் பார்ப்போம். கூரையைக் கழற்றி மாட்டுகிற வண்டியில் மழைநீர் ஒழுகினால் அது ஒரு புகார். டேஷ்போர்டில் இருக்கிற திரை உறைந்து நின்றால் அது ஒரு புகார். கியர்பாக்ஸ் உடைந்தாலும் ஒரு புகார். நடுவழியில் நின்றீர்களா இல்லையா என்பது அதில் பாதி மறைந்துவிடும். ஆனால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. இந்த வண்டிகளில் கெடக்கூடிய பொருள்களே அதிகம். முன்னால் ஒரு டிஃபரென்ஷியல் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிற கியர்த் தொகுதி), பின்னால் ஒன்று, நடுவில் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், அந்த விசையைக் கொண்டுபோகிற இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதற்கு ஏற்ற ஆயில் சீல்கள், ஜாயிண்ட்கள். சின்னக் காரில் இவற்றில் பாதிகூடக் கிடையாது. இல்லாத பொருள் கெடாது!

முன்பக்கம் சாலிட் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரங்களையும் கோக்கிற ஒரே கெட்டி அச்சு, உள்ள வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மூட்டுகளில் இருக்கிற புஷ்கள், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் முனைகள் தேய்ந்திருக்கும்போது வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், முன்சக்கரங்கள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து உதற ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைக்காமல் நிற்காது. ஆனால் அதே ஆக்சில்தான் பாறையில் உங்களைக் காப்பாற்றுகிறது. ஒரு சக்கரம் மேலே தூக்கப்பட்டால் மறுசக்கரம் கீழே அழுத்தப்படுகிறது, பிடி கிடைக்கிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கியிருக்கிறோம்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன்: வண்டி கெடுமா என்று கேட்காதீர்கள், கெட்ட இடத்திலேயே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள்.

டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் வந்த வண்டி, சில நாடுகளில் இன்றும் புதிதாகவே விற்கிறது. அதில் பல காலம் ஓடிய டீசல் இன்ஜின் ஒன்று உண்டு, 1எச்இசட் என்று பெயர். 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது. இவ்வளவு பெரிய இன்ஜினில் எடுப்பது சுமார் 130 குதிரைத்திறன்தான். இன்று அதில் பாதி அளவுள்ள டீசலே இதைவிட அதிகம் தருகிறது. "மந்தமான வண்டி" என்று சிரிப்பார்கள். அந்த மந்தம்தான் அதன் ஆயுள். தன்னால் முடிந்ததில் கொஞ்சத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிற இன்ஜினுக்குத் தேய்மானம் குறைவு. டீசல் பம்பும் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளிவிட்டுக் கிளப்பலாம். இன்றைய காமன் ரெயில் டீசலில், அதாவது மின்னணுவால் கட்டுப்படுத்தப்படுகிற இன்ஜினில், எரிபொருள் 2,000 பார் அழுத்தம் வரைக்கும் போகிறது. சாலையில் அது அருமையான இன்ஜின், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்திருந்தால் அதைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போய்விடும், அதைச் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு சரிசெய்ய முடியாது.

அப்போ கீழே தனி இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், வைத்த பழைய வண்டிதான் நம்பகமானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1977-இல் வந்த லாடா நிவாவுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கார் மாதிரி ஒரே கூடு. முன்னால் சாலிட் ஆக்சிலும் கிடையாது. ஆனாலும் சேற்றிலும் பனியிலும் அது போகிற போக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எடை குறைவு, நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை, எளிமையான இன்ஜின். அங்கேயும் விஷயம் அதேதான். அவிழ்த்து மாட்டலாம்.

இதைப் பேசும்போது ஒரு பழைய ஓட்டுநர் நினைவுக்கு வருகிறார். ஒரு காட்டுப் பாதையில் அவரோடு போனேன். ஓடை ஒன்று குறுக்கே வந்தது. கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டார். களைப்பாறுகிறார் என்று நினைத்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த புது வண்டிக்காரர் பொறுமை இழந்து, எங்களைத் தாண்டிச் சர்ரென்று ஓடையில் இறங்கி அக்கரை ஏறிவிட்டார். எங்கள் ஆள் அசையவில்லை. கேட்டபோது, "ஆக்சில் ஆறட்டும்" என்றார், அவ்வளவுதான்.

காரணம் இது. நீண்ட நேரம் ஓடிய வண்டியில் டிஃபரென்ஷியல், மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்களே, அதன் கூடு நன்றாகச் சூடாகியிருக்கும். சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். வெளியில் இருப்பது தண்ணீர்! ஆயில் சீல் வழியாகவோ, கூட்டுக்குள் காற்று போய்வருகிற ப்ரீதர் வழியாகவோ உள்ளே போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துப் பின்பக்கம் ஊளைச்சத்தம் கேட்கும், ஆயிலைத் திறந்தால் பால் கலந்த காப்பி மாதிரி வெளியே வரும். பிறகு அந்தப் புது வண்டிக்காரர் "இந்த வண்டி நம்ப முடியாது" என்று தரப்பட்டியலில் எழுதுவார். வண்டியின் தவறா அது?

ப்ரீதர் குழாயை இன்ஜின் அறைக்குள் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மலிவான வேலை. கூரைமேல் விளக்கு மாட்டுகிறவர்கள் இதை முதலில் செய்யலாம்.

நண்பர் கேட்காமல் விட்ட இன்னொன்று, இவற்றின் மேல் நமக்கு ஏன் இந்த ஆசை? பெரும்பாலானவர்கள் ஒருமுறைகூட லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக அதிக இழுவையோடு ஏறுகிற கியர், போட மாட்டார்கள். எனக்குத் தோன்றுவது, அந்த வடிவத்தில் பொய் இல்லை. ஜீப்பின் தொடக்கத்தைப் பாருங்கள்: 1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற சின்ன வண்டி கேட்டபோது முன்மாதிரிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். பாண்டம் என்ற சிறு நிறுவனம் அதற்குள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியது. அழகுபார்க்க யாருக்கு நேரம் இருந்தது? 1948-இல் லேண்ட் ரோவர் வந்தபோது எஃகுக்குப் பஞ்சம், அதனால் உடலுக்கு அலுமினியக் கலவை. பெரிய அச்சுகள் இல்லாமலே வளைக்கக்கூடிய தட்டைத் தகடுகள். இன்று நாம் மயங்குகிற அந்தப் பெட்டி வடிவம் பற்றாக்குறையில் பிறந்தது. இப்போது வருகிற சில வண்டிகளில் அந்தப் பெட்டி வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே சாதாரணக் காரை வைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் தெரிந்தே வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் உண்மையில் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிற கேள்வி ஒன்று உண்டு, யாரும் கேட்பதே இல்லை. டயரில் காற்று எவ்வளவு? வண்டி எது, லாக் உண்டா, இன்ஜின் எவ்வளவு என்றுதான் வருகிறது. சாலையில் 32, 35 பிஎஸ்ஐ வைத்திருக்கிற டயரோடு மணலில் இறங்கினால் எந்த வண்டியும் புதையும். அதை 18 பக்கம் இறக்கிப் பாருங்கள், டயர் தரையில் படுகிற இடம் நீளமாகிறது, எடை பரவுகிறது, வண்டி மிதந்து போகிற மாதிரி போகும். காற்று குறைவாக இருக்கும்போது வேகம் வேண்டாம், சடாரென்று திருப்பவும் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கும். கையோடு ஒரு சின்ன கம்ப்ரஸரும் அளவுமானியும் இருந்தால் போதும்.

அதே மாதிரி, பார்ட் டைம் ஃபோர் வீல், அதாவது வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போடுகிற வசதி, உள்ள வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓடுகிறது. தரை வழுக்கினால் அந்த வித்தியாசம் அதில் தீர்ந்துவிடும். தார்ச்சாலை வழுக்காது, முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்தது என்று எனக்கு எழுதுகிறவர்கள், எந்தச் சாலையில் ஃபோர் வீல் போட்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.