கூடம்தான் கோணல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"வீட்டு ஆடியோ கருவிகளுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் கூடுதல் தரம் உறுதி" என்பது எதிரணியின் கட்சி. "உறுதியில்லை" என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் "காசு கொடுத்தால் காதுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் தலைப்பில் இருக்கும் 'உறுதி' என்ற சொல்லை அவர் கடைசிவரை தொடவே இல்லை. விலை கூடினால் தரம் கூடலாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு இங்கே வேலையே இல்லை, மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கியிருப்பேன். கூடியே தீரும் என்கிறார்களே, வழக்கு அங்கேதான்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். விலை அதிகமான ஸ்பீக்கர் கேபிள் ஒரு ஜோடி வாங்கினேன். எது பழையது, எது புதியது என்று கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லிவிடுவேன் என அக்கா மகனிடம் சவால் விட்டேன். அவன் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து கேபிளை மாற்றி மாற்றி மாட்ட வேண்டும், நான் கேட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாறு சுற்று போனது. "ஆகா, பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது, இது புதுசு" என்றேன். "இப்போது போர்வை போர்த்தின மாதிரி இருக்கிறது, இது பழசு" என்றேன். கடைசியில் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், புதுக் கேபிள் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. "பின்னாடி உட்கார்ந்து சும்மா உருட்டிக்கிட்டு இருந்தேன் மாமா, எதையும் கழற்றவே இல்லை" என்றான் பையன்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன், இரண்டு நாள் கழித்து. ஆனால் இது என் ஒருவன் காதின் கோளாறு இல்லை. 1994-இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஒலிவ் என்ற ஆய்வாளர்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை திரை போட்டு மறைத்து, ஒருமுறை கண்ணெதிரே வைத்து. திரைக்குப் பின்னால் நல்ல மதிப்பெண் வாங்கிய சின்ன, மலிவான செட், கண்ணில் பட்டதும் சரிந்துவிட்டது. இத்தனைக்கும் கேட்டவர்கள் ஒரு ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். இவர்கள் கண்ணாலேயே கேட்டார்கள்.

ஹெட்போனுக்கு வாருங்கள். 2017-இல் ஜெரோன் ப்ரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு ஓர் ஆய்விதழில் எழுதினார். தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எதை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை.

"சிடியைவிட உயர்ந்த ஹை-ரெசல்யூஷன் பதிவு இருக்கிறதே" என்றார் எதிரணி நண்பர். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து வைத்திருக்கிறது. அதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை, தாராளமாக அடங்கும். மனிதக் காதின் எல்லையும் அதுதான், அதுவும் இளவயதில். வயது ஏற ஏற மேலே இருப்பது தேய்ந்துகொண்டே வரும். நடுவரின் வயதை நான் கேட்கவில்லை. 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தரப் பதிவையும் அதையே சிடி அளவுக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டு வெளியிட்ட சோதனையில் 554 முயற்சிகளில் 276 சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

சரி, பணமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. கைக்குள் அடங்குகிற ஸ்பீக்கரில் ஆழமான பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வராது. அதற்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும், அதற்குப் பெரிய கூம்பும் நல்ல பெட்டியும் வேண்டும், அதற்குக் காசு ஆகும். இதை ஒப்புக்கொள்வதில் எங்கள் அணிக்குக் கூச்சமில்லை. அடிப்படியில் கொடுக்கும் காசு காதில் கேட்கும். மேலே போகப் போக அது காதைவிட்டு அலமாரியின் அழகுக்குப் போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால், சத்தத்தின் அளவுகோலான டெசிபலில் கூடுவது வெறும் 3. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

அப்புறம் அறை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நண்பர் ஒருவர் வீட்டில் பேஸ் எல்லாம் குடத்துக்குள் பேசுவது போலக் கும்மென்று கேட்டது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், போகவில்லை. பெரிய ஸ்பீக்கர் வாங்கினார், இன்னும் மோசம். போய்ப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரும் மூலைக்கு ஒன்றாகச் சுவரில் ஒட்டி நிற்கின்றன. சோபாவோ எதிர்ச்சுவரில் சாய்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தோம், சோபாவையும் நகர்த்தினோம், வெறும் தரையில் கனமான விரிப்பைப் போட்டோம். அதே பாட்டில் ட்ரம்மின் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. நண்பர் என்னைப் பார்க்கவில்லை, மூலையில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார்.

மாயமில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அறை 4 மீட்டர் நீளம் என்றால், 43 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அது இடியாகக் கேட்கும், நட்டநடுவில் இருப்பவருக்கு அநேகமாகக் காணாமல் போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஒரு விஷயத்தில், நடுவர் அவர்களே, அவள் சொன்னது சரி. கூடம்தான் கோணல். அதை எந்த விலைச்சீட்டு நிமிர்த்தும்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, விலை உயர்ந்த எந்தக் கருவியின் வாரண்டி அட்டையையாவது கொண்டுவந்து இங்கே வாசிக்கட்டும். பழுதானால் சரிசெய்து தருவோம் என்று இருக்கும். மலிவானதைவிட நன்றாகக் கேட்கும் என்று ஒரு வரி இருந்தால், நான் எதிரணிக்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.