மெயிலில் ஒரு 'கொஞ்சம்'

வணக்கம் நேயர்களே. பெங்களூரு பஸ்ஸில் ஏறியவர் எவருக்கும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' தெரியும்; கன்னடத்தில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க'. அந்த 'ஸ்வல்ப'வுக்கும் நம்ம 'கொஞ்சம்' என்பதற்கும் ஒரே வேலைதான்: கேட்கிற கேள்வியில் இருக்கும் முரட்டுத்தனத்தைக் குறைப்பது. 'கொஞ்சம் கதவைத் திறங்க' என்றால் யாரும் கால்வாசி திறந்துவிட்டு நிற்பதில்லை.

ஆனால் ஆபீஸ் மெயிலில் 'கொஞ்சம்' என்பதற்குப் பதிலாக நாம் எழுதும் ஆங்கிலத்து 'ஸ்லைட்லி'க்கு இந்த நாசூக்கு தெரியாது. அது அளவு சொல்லும் சொல். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு அலுவலகத்திலிருந்து 'ப்ளீஸ் ஸ்லைட்லி செக் திஸ் ஃபைல்' என்று மெயில் போனால், மேலோட்டமாகப் பார்த்தால் போதுமோ என்று அந்தப் பக்கம் குழம்புவார்கள். பணிவுதான் வேண்டுமென்றால் 'குட் யூ செக் திஸ் ஃபைல்' போதும். பணிவெல்லாம் அந்தக் 'குட்'டிலேயே வந்துவிடுகிறது.

'ஸ்லைட்லி' ஒட்டுவது ரைஸ், ஃபால், சேஞ்ச், டிஃபர் மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள வினைகளோடு. ஃபினிஷ், அரைவ், சென்ட் ஆகியவற்றோடு ஒட்டாது. வேலை பாக்கி இருந்தால் 'ஆல்மோஸ்ட் ஃபினிஷ்ட்' அல்லது 'பார்ட்லி ஃபினிஷ்ட்'. முன்னதில் கடைசித் துளிதான் மிச்சம். பின்னதில் எவ்வளவு முடிந்தது என்பதே தெரியாது.

அதிகம் சறுக்குகிற இடம் 'பெரும்பாலும்'. 'நாளைக்குப் பெரும்பாலும் வந்துடுவேன்' என்பதை அப்படியே 'ஐ வில் மோஸ்ட்லி கம் டுமாரோ' என்று எழுதுகிறோம். பக்கத்து சீட்டுக்காரருக்குப் புரியும். லண்டன்காரருக்கு 'மோஸ்ட்லி' என்றால் பல தடவையில் பெரும்பாலான தடவை, அல்லது ஒன்றின் பெரும்பகுதி. ஒரே ஒரு நாள் வருவதற்கு அது பொருந்தாது. அங்கே வேண்டியது 'ப்ராபப்ளி'. 'ஐ வில் ப்ராபப்ளி கம்' என்று 'வில்'லுக்குப் பின்னால் வைக்க வேண்டும். வரமாட்டேன் என்றால் இடம் மாறும்: 'ஐ ப்ராபப்ளி வோன்ட் கம்'.

இடம் மாறினால் பொருளின் அழுத்தமே மாறிவிடும் ஜோடியும் உண்டு. 'ஐ டோன்ட் ரியலி லைக் திஸ் டிசைன்': அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 'ஐ ரியலி டோன்ட் லைக் திஸ் டிசைன்': சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு சொல் 'டோன்ட்'டைத் தாண்டிப் போனதற்கே இத்தனை வித்தியாசம்! வரைந்தவர் எதிரில் இருந்தால் முதலாவதே மேல்.

பயந்து பயந்து எழுதுகிறவர்கள் 'இட் மே பாசிப்ளி பெர்ஹாப்ஸ் கெட் டிலேய்ட்' என்று அடுக்குவார்கள். 'மே' ஒன்றிலேயே சந்தேகம் வந்துவிட்டது. மற்ற இரண்டையும் அடித்துவிடலாம்.

எண் கையில் இருந்தால் 'ஸ்லைட்லி'யே தேவையில்லை. செலவு 40 லட்சத்திலிருந்து 46 லட்சமாகியிருக்கும்போது 'தி காஸ்ட் ஹேஸ் ஸ்லைட்லி இன்க்ரீஸ்ட்' என்று எழுதினால், இன்வாய்ஸ் போகிற அன்றைக்கே போன் வரும்.