லீவும் வரணும், நாளும் பொருந்தணும்

மேடையில் வீற்றிருக்கும் கர்னல் ஐயா அவர்களே, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உதவி இயக்குநர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்ட டாக்டர் அம்மா அவர்களே, பந்தல் போட்ட தம்பிமார்களே, தாய்மார்களே, வணக்கம். ஹவில்தார் அண்ணன் ஒருவர் மேடைக்குப் பின்னால் சமையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிட்டால் ராத்திரி போன் வரும். அவருக்கும் வணக்கம்.

பட்டாளத்துக்காரன் வீட்டில் குழந்தை தள்ளிப்போவதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். பரிசோதனை ஒன்று, சேமிப்பு ஒன்று, சட்டம் ஒன்று. அதற்கு முன் ஒரு பழமொழி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். களத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்து நின்றவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பட்டாளத்துக்காரனுக்கு லீவுதான் அந்தக் காற்று. வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். காகிதத்தில் 90 நாள். அது நமக்கு வேண்டிய நாளில் வீசுமா என்பதுதான் கேள்வி.

என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் லடாக்கில் லே பக்கம் இருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. வீட்டுக்காரி வேலூரில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வருவாள். ஸ்கேன் பார்த்து, "பன்னிரண்டாம் நாள், பதின்மூன்றாம் நாள் வீட்டுக்காரர் இங்கே இருக்கணும்" என்பார்கள். முட்டை வெளியே வந்தால் அதற்கு ஒரு நாள்தான் ஆயுசு. லீவு கேட்டுப் படிவம் எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? வெட்கம். "மாமனாருக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதினேன்.

லீவு கிடைத்தது. பனியில் ஜோஜிலா பாதை மூடிக் கிடந்தது, பட்டாளத்துக் கூரியர் விமானம்தான் வழி. வானிலை சரியில்லை என்று டிரான்சிட் கேம்ப்பிலேயே நாலு நாள் போனது. அப்புறம் ஜம்முவிலிருந்து ஹிம்சாகர் ரயில் பிடித்துக் காட்பாடியில் இறங்கியபோது தினசரி நாட்காட்டியில் அவள் வட்டம் போட்டிருந்த தாள் கிழிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த தடவை மாமனாருக்கு மறுபடியும் உடம்பு சரியில்லை. லீவு இல்லை என்று வந்துவிட்டது. மூன்றாவது தடவை "மாமனார் கவலைக்கிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எங்கள் படைப்பிரிவுத் தலைவர், அதாவது சி.ஓ., கூப்பிட்டார். மேஜைமேல் என் படிவம், பக்கத்தில் ஒரு இன்லேண்ட் லெட்டர். என் மாமனாரும் பழைய பட்டாளம், நாயக்காக ரிட்டயர் ஆனவர். மகள் படும் பாடு பொறுக்காமல், யாரிடமும் சொல்லாமல், நேராக சி.ஓ.வுக்கே இங்கிலீஷில் எழுதிவிட்டார். முதல் வரி, நான் இறைவன் அருளால் பூரண நலம்.

சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு வேர்த்தது, வெளியே மைனஸ் பத்து. சி.ஓ. சாப் கடிதத்தை மடித்தார். "இதை முதலிலேயே எழுதக் கூடாதா?" என்றார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி என் முன்னால் வைத்து, "எந்தத் தேதி வேண்டும், காட்டு" என்றார். சர்வீஸ் முழுக்க என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே அதிகாரி அவர்தான். அந்த லீவில் வந்த பெண் இதோ பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, முறைக்கிறது. இரண்டாவது குழந்தைக்கு வேறு சி.ஓ., அதனால் ஒன்றோடு நின்றது.

சரி, பரிசோதனை. ஆம்பளைக்கும் முதல் நாளே பரிசோதனை வேண்டும். விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். மலையுச்சியில் மாதக்கணக்கில் இருந்தால் எண்ணிக்கை குறையலாம். இறங்கிய வாரமே டெஸ்ட் எடுத்து, குறைவு என்றதும் உடைந்து போகாதீர்கள். கீழே இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். மீதியை டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்.

நான் தொண்டை வற்றக் கத்துவது சேமிப்புக்காக. லீவில் வந்தவன் விந்தணுவைக் கொடுத்துவிட்டுப் போகலாம். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைப்பார்கள். மனைவிக்கு நாள் பொருந்தும்போது எடுத்து உருக்கி, கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ.யோ, வெளியே கருவாக்கி உள்ளே வைக்கும் ஐ.வி.எஃப்.போ செய்வார்கள். அவன் சியாச்சினில் இருந்தாலும் பரவாயில்லை. உருக்கும்போது ஒரு பகுதி செத்துப்போகும், ஆகவே இரண்டு மூன்று தடவை கொடுத்து வைப்பது நல்லது. இது புதுசு என்று பயப்பட வேண்டாம். 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த துர்கா, டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உறைய வைத்த கருவிலிருந்து பிறந்தவர். அந்த மனுஷனை அன்று யாரும் நம்பவில்லை, அது வேறு கதை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றால் இதுதான். ஆனால் தூற்றக் களம் வேண்டுமே! டெல்லி ராணுவ ஆஸ்பத்திரியில் வசதி இருக்கிறது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்தான். இந்த மருமகள்கள் டெல்லிக்கா போவார்கள்? வேலூர் அரசு மருத்துவமனையில் ஒரு உறைசேமிப்பு அறை, படைவீரருக்குக் கட்டணமில்லாமல். இதுதான் கோரிக்கை. கர்னல் ஐயா தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன், நேரம் இல்லை. 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், பத்து ஆண்டு வரை வைத்திருக்கலாம். சேமிக்கும்போது ஒரு கேள்விக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும்: கொடுத்தவர் இறந்துவிட்டால் இதை என்ன செய்வது? முன்வரிசையில் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். போர் நடக்கும் உக்ரைனில் இதற்கென்றே 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள், வீரர் இறந்த பிறகும் மூன்று ஆண்டு அரசுச் செலவில் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். விடாதீர்கள். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.

மனு அந்த நீல மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் இலை என்று ஹவில்தார் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள், அது உதவி இயக்குநர் ஐயாவுடையது.