கத்தரிக்காய் திருடாத தெனாலிராமன், விலை 450 ரூபாய்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முன்னுரை கிடையாது, டீ டம்ளரைக்கூடத் தூரமாக வைத்துவிட்டேன். கோபமாக இருக்கிறேன். இந்தப் புத்தகத்தைப் பாருங்கள். இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும்... ஆயிற்றா? கெட்டி அட்டை, வழவழ தாள், தங்க எழுத்தில் ‘தெனாலிராமன்’. பின்னட்டையில் விலை 450 ரூபாய். உள்ளே 64 பக்கம்.

கணக்கு போடுவோம். நான் கணக்கு போடாமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், பழைய புத்தகக் கடை வீடியோவிலேயே என்னை ஓட்டித் தள்ளினீர்கள். அந்த 64-இல் முதல் நான்கு பக்கம் பதிப்புரிமை, சமர்ப்பணம், குழந்தை பெயர் எழுதக் கட்டம். கடைசி இரண்டு பக்கம் விளம்பரம். மிச்சம் 58. ஆக, ஒரு பக்கத்துக்கு ஏழே முக்கால் ரூபாய். அதில் பாதிப் பக்கங்களில் படம்தான். படம் நன்றாக இருந்தால் பரவாயில்லை. கிருஷ்ணதேவராயருக்கும் ராஜகுருவுக்கும் ஒரே முகம், தாடி மட்டும் வேறே!

சரி, விலையை விடுங்கள். கதைக்கு வருகிறேன்.

தெனாலிராமன் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கத்தரிக்காய்க் கதைதான். ராயர் தோட்டத்தில் அபூர்வமான கத்தரிக்காய். விருந்தில் தெனாலி அதைச் சாப்பிடுகிறான், வீட்டில் போய் மனைவியிடம் பெருமை பேசுகிறான், அவளுக்கும் ஆசை வந்துவிடுகிறது. காவல் பலமாக இருக்கிறது, மாட்டினால் தலை போய்விடும். இருந்தாலும் ராத்திரி சுவரேறிக் குதித்துத் திருடி வருகிறான். சமைத்தாயிற்று. மொட்டைமாடியில் மகன் தூங்குகிறான், அவனுக்குக் கொடுக்காமல் சாப்பிட அம்மாவுக்கு மனசு வரவில்லை. ஆனால் பையன் நாளைக்கு வெளியே உளறிவிடுவானே? தெனாலி ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய், தூங்குகிற பையன் தலையில் ஊற்றுகிறான். ‘மழை பெய்கிறது, எழுந்து உள்ளே வா!’ துடைத்துவிட்டு, சோறு போட்டு, கத்தரிக்காயும் போட்டுத் தூங்கவைத்துவிடுகிறார்கள். மறுநாள் சபையில் விசாரணை. பையனும் ஒளிக்காமல் சொல்கிறான், ஆமாம், ராத்திரி கத்தரிக்காய் சாப்பிட்டேன், நல்ல மழை வேறு பெய்தது என்று. ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. குழந்தை கனவு கண்டிருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

என்ன மூளை பாருங்கள்! பையன் பொய்யே சொல்லவில்லை. அவன் சொன்ன உண்மையை வைத்தே அப்பன் தப்பித்துவிடுகிறான்.

இந்த 450 ரூபாய்ப் புத்தகத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? தெனாலி ராஜாவிடம் போய் மரியாதையாக ஒரு கத்தரிக்காய் கேட்கிறார். ‘கேட்கிறார்’, ‘ஆர்’ விகுதியோடு! ராஜாவும் அவருடைய நேர்மையை மெச்சி ஒரு கூடை கொடுக்கிறார். கீழே கட்டம் போட்டு ‘நீதி: கேட்டுப் பெறுவதே சிறப்பு’. எனக்குத் தலை சுற்றிவிட்டது. திருட்டும் மழையும் இல்லாமல் இதில் கதை எங்கே இருக்கிறது?

ஆங், மறந்தே போனேன், கூரியருக்கு 60 ரூபாய் தனி. அதையும் சேர்த்தால் பக்கத்துக்கு எட்டே முக்கால்.

அடுத்தது காளி. ஆயிரம் தலையோடு காளி வந்து நிற்கிறாள், இவன் பயப்படாமல் சிரிக்கிறான். ஏனடா என்று கேட்டால், ‘எனக்கு ஒரே மூக்கு, சளி பிடித்தால் இரண்டு கை போதவில்லை. உனக்கு ஆயிரம் மூக்கு, கை இரண்டுதானே, என்ன செய்வாய் தாயே?’ என்கிறான். அவள் இரண்டு கிண்ணம் நீட்டுகிறாள், ஒன்றில் கல்வி, இன்னொன்றில் செல்வம், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இவன் இரண்டையும் கலந்து மடமடவென்று குடித்துவிடுகிறான். சாமியையே ஏமாற்றியவன்! புத்தகத்தில் சளியும் இல்லை, மூக்கும் இல்லை. காளி, பற்பசை விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு ஆசி வழங்குகிறாள்.

தங்க மாம்பழக் கதையைத் தேடவே வேண்டாம், அடியோடு காணோம். ராயருடைய தாயார் மாம்பழம் கேட்டு, அது வருவதற்குள் இறந்துபோகிறார். ஆன்மா சாந்தியடைய தங்கத்தில் மாம்பழம் செய்து அந்தணர்களுக்குத் தானம் கொடுங்கள் என்று ராஜகுரு யோசனை சொல்கிறார். அவர்கள் வாங்கிக்கொண்டு போகிற வழியில் தெனாலி நிற்கிறான். என் அம்மாவுக்கும் நிறைவேறாத ஆசை ஒன்று உண்டு, வாதத்துக்குச் சூடு போடச் சொன்னாள், அதற்குள் போய்விட்டாள், நீங்கள்தான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழுக்கக் காய்ச்சிய கம்பியை எடுக்கிறான். கொடூரமான கதைதான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு அது இருக்க வேண்டும். அரண்மனையில் யார் யார் எதைச் சொல்லிக் காசு பார்த்தார்கள் என்று ஊர் ஜனங்கள் சொல்லிச் சிரித்த கதை அது.

இப்போது கிச்சடி. இதுதான் எனக்கு உச்சக்கட்ட எரிச்சல். இந்தப் புத்தகத்தில் பீர்பாலின் கிச்சடிக் கதையைத் தூக்கித் தெனாலிக்குப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். குளிர்ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்கிறான் ஓர் ஏழை. தூரத்தில் எரிந்த விளக்கைப் பார்த்தே சூடு வாங்கிக்கொண்டாய் என்று சொல்லி அரசர் பரிசை மறுக்கிறார். பீர்பால் பானையை உயரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டிக் கிச்சடி சமைக்கிறார். கதை ஊர்விட்டு ஊர் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது காலங்காலமாக நடக்கிறதுதான். ஆனால் இவர்கள் அந்த ஆளைத் துங்கபத்திரையில் நிற்கவைத்திருக்கிறார்கள். மக்களே, துங்கபத்திரை, ராயர் தலைநகரான ஹம்பியை ஒட்டி ஓடுகிற ஆறு! என் ஹம்பி வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், டிசம்பர் மாதம், பாறையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துத் துடைத்தே பேசினேன். ஆக்ராவில் மார்கழி ராத்திரி யமுனையில் நின்றால் உயிர் போகும், அதனால்தான் அந்தக் கதைக்கு உயிர் இருக்கிறது. ஹம்பியில் ராத்திரி ஆற்றில் நிற்பதற்கு யாராவது பரிசு கொடுப்பார்களா? ‘சுகமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்’ என்பான்.

பீர்பாலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தக் கதைகள் அவ்வளவாகப் பிடிக்காது, எப்போதும் ஜெயிக்கிற மாணவன் மாதிரி இருப்பார். ஆனால் நிஜ பீர்பால் வேறு ஆள். மகேஷ் தாஸ் என்பது இயற்பெயர், 1528-இல் பிறந்தவர், கவிஞர். அக்பர் தொடங்கிய தீன்-இ-இலாஹி என்ற புதுச் சமய நெறியில் சேர்ந்த ஒரே இந்து அவர்தான். 1586-இல் யூசுப்சாய் பழங்குடியினரை அடக்க வடமேற்கு எல்லைக்குப் படையோடு அனுப்புகிறார்கள். மலைக் கணவாயில் மாட்டிக்கொண்டு, ஏறத்தாழ 8000 வீரர்களோடு அவரும் செத்துப்போகிறார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்பர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார் என்று சொல்வார்கள். சபையில் ராஜாவைச் சிரிக்கவைத்த மனுஷனைக் கொண்டுபோய்ப் போர்முனையில் நிறுத்தினால்? இதை எந்தக் குழந்தைப் புத்தகமும் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

நிஜத் தெனாலியும் அப்படித்தான். தெனாலி ராமகிருஷ்ணர், 16-ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவி. அவர் ராயர் சபையிலேயே இருந்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது, இருக்கட்டும். அவர் எழுதிய ‘பாண்டுரங்க மாகாத்மியம்’ தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் ஒன்றாக எண்ணப்படுவது. பண்டரிபுரத்து மகிமையைச் சொல்கிற பக்தி நூல். அதற்குள் நிகமசர்மன் என்று ஓர் உதவாக்கரை வருகிறான், சொத்தையெல்லாம் அழிக்கிறான். அவனைத் திருத்த அக்கா புகுந்த வீட்டிலிருந்து வருகிறாள். உட்காரவைத்துப் பரிவாகப் புத்தி சொல்கிறாள். அவனும் திருந்தியவன் மாதிரி நாலு நாள் நடித்துவிட்டு, ஒரு ராத்திரி வீட்டு நகை மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறான். விடிந்ததும் எல்லாரும் அழுகிறார்கள். அக்கா எதற்கு அழுகிறாள் தெரியுமா? புதிதாகச் செய்துபோட்ட தன் மூக்குத்தி போயிற்றே என்று! அந்த அக்காவுக்குக் காவியத்தில் பெயர்கூடக் கிடையாது, ஆனால் தெலுங்கு வாசகர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. சளி பிடித்த காளிக் கதையை இந்தக் கவி தலையில் ஊர் ஏன் கட்டியது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

கோபால் பார் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? ‘வங்கத்துத் தெனாலி’ என்பார்கள், எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது, அவருக்குத் தனிக் கெத்து உண்டு. வங்கத்து நதியாச் சீமையின் ராஜா கிருஷ்ணசந்திரர், 18-ஆம் நூற்றாண்டு, கிருஷ்ணநகர் அரண்மனை; அவர் சபை விகடகவிதான் கோபால் என்று கதைகள் சொல்லும். தொப்பையும் சொட்டைத் தலையுமாகக் கோபாலை வரைவார்கள். ராஜாவுக்குப் பிள்ளை பிறக்கிறது. எப்படி இருக்கிறது உனக்கு என்று கோபாலைக் கேட்கிறார். ‘காலையில் வயிறு சுத்தமாகப் போன மாதிரி சுகமாக இருக்கிறது மகாராஜா’ என்கிறார். ராஜா கொதித்துப்போகிறார். கோபால் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு நாள் அவரைப் படகில் ஏற்றிப் போகிறார். ராஜாவுக்கு வயிறு முட்டுகிறது, கரை ஒதுக்கு என்கிறார். இங்கே புலி, அங்கே கொள்ளைக்காரன் என்று இவர் இழுத்தடிக்கிறார். கடைசியில் கரையில் இறங்கி ஓடிப்போய்த் திரும்பி வருகிற ராஜாவின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீ சொன்னது சரிதானப்பா என்று ஒப்புக்கொள்கிறார்.

இந்தக் கதையை என் அக்கா மகளுக்குச் சொன்னேன். இதையும் சொல்லவில்லையே, புத்தகம் வாங்கியதே அவளுக்காகத்தான், ஆறு வயது. தங்க எழுத்துப் புத்தகத்தில் மூன்றாவது பக்கத்திலேயே எழுந்து போனவள், இதற்கு உருண்டு உருண்டு சிரித்துவிட்டு, ‘சித்தி, ராஜா கதை இன்னொரு வாட்டி’ என்று நச்சரிக்கிறாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையைத்தான் இங்கே காட்ட முடியவில்லை.

குழந்தைகளுக்கு ஆகாது என்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குள்ளேயே இதை அனுமதித்திருக்கிறார்களே? கேரளத்தில் கூடியாட்டம் என்று சமஸ்கிருத நாடக மரபு, 2001-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. நாயகன் சமஸ்கிருதத்தில் உருகி உருகிப் பேசுவான். பக்கத்தில் விதூஷகன், அதாவது அவனுடைய கோமாளித் தோழன், மலையாளத்தில் அதைக் கிழித்துத் தொங்கவிடுவான். அறம், பொருள், இன்பம், வீடு என்று நாம் சொல்கிற நாலுக்கும் பதிலாக அவனுக்கென்று வேறு நாலு இருக்கின்றன: சாப்பாடு, ராஜசேவை, தாசி வீட்டு உல்லாசம், ஏமாற்று. இதை விளக்க இரவுகள் கணக்காக எடுத்துக்கொள்வார்கள். சாக்கியார் என்கிற கலைஞர் தனி ஆளாகப் புராணக் கதை சொல்கிற சாக்கியார் கூத்திலோ, எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் சாக்கியார் கதையோடு சேர்த்துக் கிண்டலடிக்கலாம். ராஜாவே என்றாலும் வாய் திறக்கக்கூடாது. யாராவது எதிர்த்துப் பேசினால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார், அந்த மேடையில் அப்புறம் ஆடமாட்டார். என்ன ஒரு ஒப்பந்தம்! 

நம் ஊரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தெருக்கூத்தில் கட்டியக்காரன், துரியோதனனைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துக்கொண்டே ‘நீ யாரப்பா?’ என்று கேட்பான். தென்மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். ராமாயணத்தில் எங்கேயும் இல்லாத இரண்டு பேர், ராமாயணத்துக்கு நடுவில் புகுந்து உள்ளூர்ச் சமாச்சாரம் பேசுவார்கள். ராமனை மறந்தவர்கள்கூட இவர்களை மறப்பதில்லை. தங்க எழுத்தில் இவர்களுக்கு ஒரு புத்தகம் போடுங்களேன், 450 என்ன, கூரியரோடு கொடுக்கிறேன்.

அதனால் அடுத்த வீடியோ அதுதான். உங்கள் ஊர்த் திருவிழாவில் இன்னும் கூத்தோ பாவைக்கூத்தோ நடந்தால், ஊரையும் மாதத்தையும் கமெண்டில் போடுங்கள். முக்கியமாக, கட்டியக்காரன் ஊர்ப் பெரிய மனிதர் பெயரைச் சொல்லிக் கிண்டலடிக்கிற ஊராக இருக்க வேண்டும். வெறுமனே கேமராவுக்குச் சிரித்துக் காட்டுகிற கூத்து எனக்கு வேண்டாம். விடிய விடிய உட்கார்ந்து எடுக்கத் தயார், ஒரு பாயும் கட்டங்காப்பியும் இருந்தால் போதும்.