அந்த அட்டையைத் திருத்தாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகளோடு சேர்ந்து வாழ்த்து அட்டை செய்யும்போது பெரியவர்கள் திருத்திக் கொடுப்பது நல்லதா, குழந்தையின் போக்கில் விட்டுவிடுவது நல்லதா? இதுதான் இன்றைய தலைப்பு. விட்டுவிடுவதே நல்லது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் நன்றாகத்தான் பேசினார். மாதிரி அட்டை ஒன்றைச் செய்து முன்னால் வைத்தால்தான் பிள்ளைக்குக் கை வரும் என்றார். நாமே பென்சிலில் படம் போட்டுக் கொடுத்து, உள்ளே வண்ணம் மட்டும் அடிக்கச் சொன்னால் நேர்த்தியாக இருக்கும் என்றார். கடைசியில், "கிறுக்கலும் பசைக் கறையுமாக ஓர் அட்டையை அனுப்பினால் வாங்குகிறவருக்கு அது மரியாதையா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அந்தக் கடைசிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கால் எலும்பு முறிந்து படுத்திருக்கும் தாத்தாவுக்கு ஐந்து வயதுப் பேத்தி ஓர் அட்டை செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவை வரைகிறாள். தலை சின்னது. உடம்புக்கு ஒரே ஒரு கோடு. கட்டுப்போட்ட கால் மட்டும் அட்டையில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் மேல் சிவப்பு க்ரேயானால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி அழுத்திக் கோடு; அதுதான் கட்டாம். பக்கத்தில் இருக்கும் பெரியவர் பார்க்கிறார். "கால் இவ்வளவு பெரிசாவா இருக்கும்?" என்று அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்து, அளவான தாத்தாவைத் தானே வரைந்து, ஓரத்தில் ஒரு ரோஜாவும் போட்டுத் தருகிறார். பேத்தி ரோஜாவுக்கு வண்ணம் அடிக்கிறாள்.

நடுவர் அவர்களே, அவள் தாத்தாவிடம் சொல்ல வந்ததே அந்தக் காலைத்தான். அவள் மனசில் எது பெரிதாக இருந்ததோ அது தாளிலும் பெரிதாக வந்தது. "உங்க கால் வலியை நான் நினைச்சுக்கிட்டே இருக்கேன் தாத்தா" என்று எழுதத் தெரியாத பிள்ளை, அதை அளவில் சொல்லிவிட்டாள். அதை எடுத்துவிட்டு ரோஜாவைக் கொடுப்பதா மரியாதை?

குழந்தைகளின் படங்களை ஆராய்ந்தவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவியக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகள் வரைவதில் இருக்கும் படிகளை 1947இல் வரிசைப்படுத்திக் காட்டினார். மூன்று நான்கு வயதில் தலையிலிருந்தே கால் முளைக்கும், வயிறே இருக்காது. முக்கியமான ஆள், முக்கியமான உறுப்பு எல்லாம் பெரிதாக வரும். ஏழு வயது வாக்கில் தாளின் அடியில் ஒரு கோடு வந்துவிடும். அதுதான் தரை, வீடும் மரமும் ஆளும் அதன் மேல் வரிசையாக நிற்கும். அச்சடித்த கோட்டுக்குள் வண்ணம் அடிக்க வைப்பதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். வயிறில்லாத மனிதனைப் போன மாதம் வரைந்த பிள்ளையிடம் ஒரு வருடம் கழித்து அதையே கேட்டுப் பாருங்கள், வராது. அந்தப் பருவம் போய்விட்டிருக்கும். வாங்குகிறவர் கையில் அதைப் பத்திரமாகக் கொடுத்து வைக்கக் கிடைத்த வாய்ப்பை நாம் ஏன் திருத்தம் என்ற பெயரில் கெடுக்க வேண்டும்?

பயிற்சி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், வேறொரு நாளில், வேறொரு தாளில்.

ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யூனிசெஃப் 1949இல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை யாருடைய படம் தெரியுமா? செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி வரைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவளுடைய ஊருக்கு யூனிசெஃப் செய்த உதவிக்கு நன்றி சொல்ல வரைந்தாள். தாள் கிடைக்காமல் கண்ணாடியில் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், அவ்வளவுதான் படம். தேர்ந்த ஓவியர்கள் எத்தனையோ பேர் இருந்த உலகத்தில், முதல் அட்டையாக அச்சேறியது அந்தப் பிள்ளையின் கைவேலை. நேர்த்தி இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று சொன்ன நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்து, மாதிரி வைத்துச் செய்வது. 1840களின் இறுதியில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்ற பெண்மணி காதலர் தின அட்டைகளைப் பெரிய தொழிலாக நடத்தினார். அவர் ஒரு மாதிரி செய்து வைப்பார். பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, அதே மாதிரியில் செய்துகொண்டே போவார்கள். தொழிலுக்கு அதுதான் சரி. எல்லா அட்டையும் ஒன்றுபோல் இருந்தால்தான் விற்கும். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் முப்பது அம்மாக்களுக்குச் செய்யும் அட்டை ஏன் ஒன்றுபோல் இருக்க வேண்டும்? அம்மாக்கள் ஒன்றுபோலவா இருக்கிறார்கள்?

எதிரணியின் வாதத்தில் எனக்கு உண்மையாகவே வலுவாகப் பட்டது ஒன்று உண்டு. தனியே விட்டால் பிள்ளை திணறும், தாள் கிழியும், அழுதுகொண்டே எழுந்துபோகும் என்றார்கள். உண்மைதான். பெரியவர் கைக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது என்றுதான் நாங்களும் சொல்கிறோம். கனமான அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். தாளுக்கு இழையோட்டம் உண்டு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே போக்கில் ஓடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். கனமான அட்டை இல்லையென்றால் சாதாரண ஏ4 தாளையே இரண்டு முறை மடிக்கலாம், நன்றாக நிற்கும். ஆனால் மடித்த பிறகுதான் வரையச் சொல்ல வேண்டும். விரித்த தாளில் வரைந்தால் மடிக்கும்போது ஏதாவது ஒரு பக்கம் தலைகீழாகப் போய்விடும். பிள்ளை அழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

தண்ணீர்ப் பசை தாளை நெளிய வைக்கும், குச்சிப் பசை கொடுங்கள். திறந்தால் எழுந்து நிற்கும் அட்டை வேண்டும் என்று கேட்கிறானா? மடிப்பிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு வெட்டு நீங்கள் போட்டு, நடுத்துண்டை உள்பக்கம் தள்ளிவிடுங்கள். ஒரு படி மாதிரி நிற்கும். அதில் எதை ஒட்டுவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான். பசைக் கறையை மறைக்க ஜிகினாத் தூள் தூவலாம் என்று நண்பர் சொன்னார். தூளாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை போட்டுவிட்டது. அது அட்டையிலும் நிற்காமல் பிள்ளையின் கண் வரை போகும். கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி வாசகம். எனக்குப் படத்தைவிட இதில்தான் அக்கறை அதிகம். லண்டனில் 1843இல் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்ததே எல்லாருக்கும் கையால் கடிதம் எழுத நேரமில்லாமல்தான். எழுத நேரமில்லாதவருக்காக வாசகம் முன்கூட்டியே அச்சில் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன அவசரம்? நாம் பக்கத்தில் நின்று "எல்லா வளமும் நலமும் பெற்று" என்று சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. வளம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அத்தைகிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?" "அத்தை சிரிச்சா சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்" என்று சொல்லும். அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத வராத வயதென்றால் சொன்ன சொல்லை மாற்றாமல் நீங்கள் எழுதிக் கொடுங்கள். எழுத்து திரும்பி நின்றாலும், கொம்பு மாறிப் போனாலும் விட்டுவிடுங்கள். புரியாது என்று பயமாக இருந்தால் பின்பக்கம் சின்னதாக எழுதி வையுங்கள்.

சில பிள்ளைகள், "எனக்கு வரையத் தெரியாது, நீயே வரைஞ்சு கொடு" என்று பென்சிலை நம் கையில் திணிக்கும். இதற்கு என்ன செய்வீர்கள் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் கட்டாயம் கேட்பார். முன்பே சொல்லிவிடுகிறேன். பென்சிலை வாங்காதீர்கள். வண்ணத் தாளைக் கிழித்து ஒட்டச் சொல்லுங்கள், கட்டைவிரலில் வண்ணம் தொட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் அட்டையை நீங்கள் செய்யுங்கள், வேறொருவருக்கு. கொஞ்ச நேரத்தில் அதுவாகவே பென்சிலைத் திருப்பிக் கேட்கும்.

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டுமென்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.